நடுகல்லும் சுவரொட்டியும்: ஊவாத் தோட்டங்களில் நினைவுகூரலின் அரசியல் பற்றி ஒரு நோக்கு

1

இறந்தோரை நினைவுகூர்தல் வாழ்வோரின் செயலாகும். ஆதலின் அது வாழ்வோரிடையே நிலவும் உறவுகளையும் முரண்பாடுகளையும் தன்னுட் கொண்டதாகவே அமையும். யாருக்குக் கல் நாட்டப்படுகிறது, யார் அதனை நாட்டுகிறார், அதில் என்ன எழுதப்படுகிறது என்னும் வினாக்கள் அழகியல் வினாக்களாக இருக்கும் அதேவேளை வர்க்க வினாக்களாகவும் இருக்கின்றன. நினைவுக் கல்வெட்டு, நினைவு மலர், அஞ்சலிச் சுவரொட்டி, தலைவரது இரங்கற் செய்தி ஆகிய யாவும் ஒருவகை எழுத்துகளே. அவற்றை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் எமது பல்கலைக்கழகங்களில் இன்றும் உண்டு. அவ்வழக்கத்தை மீறி, இவ்வெழுத்துகளை இலக்கியப் பனுவல்களாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் பெருவீதி பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை ஊடாகப் பதுளைப் பக்கம் செல்கின்றது. மற்றையது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. மேற்செல்லும் வீதியில் அப்புத்தளையை அடைந்தால், 1890இல் அப்பகுதித் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து தன் உடைமையைப் பார்வையிட்ட இடம் அவர் பெயராலேயே வழங்குவதைக் காணலாம். இன்று அங்கு அவரது உருவச்சிலையும் உண்டு. அதனையடுத்த தியத்தலாவை இராணுவ நகர். படைவீரரைப் போற்றும் அரச நினைவின் சின்னங்களுக்கு அங்குக் குறைவில்லை. கீழிறங்கும் வீதியிற் சென்று கொஸ்லாந்தைக்கு மேலுள்ள மலைச்சரிவை நோக்கினால் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் லயன் வரிசைகள் மண்ணுள் மறைந்த இடம் அது. அங்கு புதையுண்டோருட் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை.

உடைமையாளனுக்குச் சிலை, படைவீரனுக்குத் தூபி, தொழிலாளிக்கு மண். ஒரே சந்தியிலிருந்து சில மணி நேரப் பயணத்துள் அடங்கிவிடும் இவ்வேறுபாட்டின் காரணங்களை இனி நோக்குவோம்.

2

போரில் வீழ்ந்தோரைப் போற்றும் மரபு தமிழில் மிகத் தொன்மையானது. வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் செயலைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துக் கூறும். தக்க கல்லைக் கண்டு தெரிதலில் தொடங்கி, அதனை நீராட்டி, நாட்டி, பெயர் பொறித்து, இறுதியில் வாழ்த்துவது வரை இந்நிரல் செல்கின்றது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு அவனது ஊரவரே கல் நாட்டினர் என்பது சான்றோர் செய்யுட்களாலும் பிற்காலத்து நடுகற்களாலும் தெளிவாகும். பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய தமது ஆய்வில் (1968) காட்டிய சமூகப் பகைப்புலம் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. குடிக் குழுக்கள் மன்னர் ஆட்சிக்குள் படிப்படியாக உள்வாங்கப்பட்ட காலம் அது. அந்நிலைமாற்றத்தில் கல்லும் கைமாறியது.

அக்கைமாற்றத்தின் மிகச் சிறந்த இலக்கியச் சான்று சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டமாகும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என அக்காண்டத்துக் காதைகளின் பெயர்களே தொல்காப்பிய நிரலைப் பின்பற்றி அமைந்துள்ளன. கண்ணகி விண்ணேகியதை முதலிற் கண்டவர் யார்? மலைவாழ் குன்றக்குறவர். அரசன் அறியுமுன்பே அவளைத் தம் தெய்வமாகக் கொண்டு குரவையாடியவரும் அவர்களே. அவர்கள் தாம் கண்டதை வந்து கூறிய பின்னரே செங்குட்டுவன் கல்லெடுக்கப் புறப்படுகின்றான். கல்லோ அருகிலுள்ள மலையிலிருந்து வரவில்லை, இமயத்திலிருந்து வருகின்றது. தோற்ற கனகவிசயரின் தலையிலேற்றிக் கொணரப்படுகின்றது. ஓர் அரசின் அநீதியால் கணவனை இழந்த பெண்ணொருத்தி அரசவையில் எழுப்பிய குற்றச்சாட்டு, இன்னோர் அரசின் வடதிசை வெற்றிக்கு வாயிலாக மாறிவிடுகின்றது.

இளங்கோவின் கலைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தகவல் தந்த குன்றக்குறவரைக் காப்பியத்தில் இருத்தி, அவர் ஆடிய குரவைக்குத் தனிக் காதை வகுத்தமை அவரது நேர்மைக்குச் சான்றாகும். எனினும் காப்பியம் உணர்த்தும் வரலாற்று உண்மை ஒன்றுண்டு. கண்டவர் கையில் இருக்கும்வரை நினைவு ஒரு வழக்குரையாக இருக்கின்றது. ஆள்வோர் கைக்கு மாறியதும் அது ஒரு விழாவாக மாறுகின்றது. மலைமக்கள் கண்டு சொன்னதை அரசன் நாட்டிய அக்கதைக்கும் எமது காலத்து மலையகத்துக்கும் உள்ள ஒப்புமை வெறும் தற்செயல் ஒற்றுமையன்று. நினைவின் உடைமை எவரிடம் உள்ளதோ அவரே அதன் பொருளையும் வகுக்கின்றார் என்பதே இரண்டிலும் தொழிற்படும் விதியாகும்.

3

நவீன அரசு இவ்விதியைப் பேரளவில் நடைமுறைப்படுத்தியது. முதலாம் உலகப் போரின் பின்னர், 1920 நவம்பர் 11இல், பெயரறியாப் போர்வீரனுக்கு இலண்டனிலும் பாரிசிலும் கல்லறைகள் எழுப்பப்பட்டன. பெயரற்ற சவப்பேழை ஒன்றைத் தேசம் முழுவதன் உடைமையாக்குதல் எளிது. அவன் எந்த ஊரவன், எந்தச் சுரங்கத்தில் அல்லது வயலில் உழைத்தவன், யாரது நலனுக்காகப் போருக்கு அனுப்பப்பட்டான் என்னும் வினாக்கள் பெயரோடு மறைந்துவிடுகின்றன. தேசியவாதத்தின் பண்பாட்டுக்கு இத்தகைய கல்லறைகளை விடச் சிறந்த குறியீடு இல்லை எனப் பெனடிக்ட் அண்டர்சன் தமது நூலின் (1983) இரண்டாம் இயலைத் தொடங்குவது நோக்கத்தக்கது.

இலங்கையின் இடதுசாரி இயக்கம் இவ்வினாவோடுதான் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஆண்டுதோறும் நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்றுத் திரட்டப்பட்ட பணத்தின் பெரும் பகுதி பிரித்தானிய முன்னாட் படைவீரருக்கே சென்றது. அதற்கு மாற்றாகச் சூரிய மலர் விற்பனை 1931இல் தொடங்கியது. இலங்கைப் படைவீரருக்கு உதவுதலே அதன் தொடக்க நோக்கமாயிருந்தது. 1933இல் வாலிபர் சங்கங்கள் அதனைக் கையேற்று ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தன. அவ்வியக்கத்தவர் 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமங்களுக்குச் சென்று பணிபுரிந்தனர். 1935 டிசம்பரில் இலங்கை சமசமாஜக் கட்சி தோன்றியபோது அவர்களுட் பலரே அதன் முன்னணியில் நின்றனர். வீழ்ந்த வீரருள் யாரை, யாருடைய பணத்தில், எதற்காகப் போற்றுவது என்னும் கேள்வியே இந்நாட்டில் முதல் இடதுசாரிக் கட்சியின் தோற்றுவாய்களுள் ஒன்றாயிற்று எனலாம்.

விடுதலை பெற்ற நாட்டின் ஆட்சியாளர் அக்கேள்வியைத் தொடரவில்லை. மலரை மட்டும் மாற்றிக்கொண்டனர். ஊவாவின் வரலாற்றிலிருந்தே இதற்கு எடுத்துக்காட்டுத் தரலாம். 1817–18 ஊவா–வெல்லச கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, கிளர்ச்சியாளரோடு இணைந்துகொண்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26இல் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவனது மண்டையோடு எடின்பரோவிலிருந்த மண்டையோட்டியற் சங்கத்துக்குக் காட்சிப் பொருளாகச் சென்றது. நாடு விடுதலை பெற்றபின் அது திரும்பிவந்து கண்டியில் நினைவுச் சின்னத்தில் இடம்பெற்றது. கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகளாக்கிய 1818ஆம் ஆண்டு வர்த்தமானிப் பிரகடனத்தை 2017 மார்ச்சில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன இரத்துச் செய்தார். வர்த்தமானியாற் துரோகியானவன் வர்த்தமானியாலேயே வீரனானான்.

கெப்பெட்டிப்பொலவின் துணிவு போற்றற்குரியதே. ஆயின் அவ்விழாக்களிற் சொல்லப்படாத செய்தியொன்று உண்டு. அக்கிளர்ச்சியை நெருப்பிட்டு அடக்கிய அதே ஆட்சியே 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையோடு மலைநிலங்களை முடிக்குரியனவாக்கித் தோட்ட முதலாளிகளுக்கு விற்றது. அத்தோட்டங்களுக்கே தென்னிந்தியாவின் வறிய உழவர், கங்காணிமாரின் கடன் கணக்கிற் கட்டுண்டு, கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுப்பாதையில் நோயிலும் பசியிலும் மாண்டோர் எண்ணற்றோர். நிலத்தை இழந்த சிங்கள உழவனும் அந்நிலத்தில் உழைக்கக் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொள்ளையின் இருபுறத்தில் நின்றவர்கள். முன்னவனது வீரனுக்குத் தூபி எழுப்பிப் பின்னவனை ஆக்கிரமிப்பாளனாகக் காட்டும் நினைவுகூரல், கொள்ளையிட்டவனை மறக்கச் செய்கின்றது.

2009இல் போர் முடிந்தபின் இப்போக்கு உச்சத்தை எட்டியது. 2010 ஜனவரியில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் போரை நடத்திய சனாதிபதியும் அப்போரின் இராணுவத் தளபதியும் எதிரெதிரே நின்று, வெற்றி தமதென உரிமை கொண்டாடினர். மாண்ட படையினரோ பெரும்பாலும் வறிய கிராமங்களின் பிள்ளைகள். மறுபுறம், 1989 முதல் நவம்பர் 27இல் நினைவுகூரப்பட்ட மாவீரரின் துயிலுமில்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. ஒருசாராரின் இறந்தோரை விளம்பரமாக்குவதும் மறுசாராரின் கல்லறைகளை அழிப்பதும் ஒரே அரசியலின் இரு செயல்களாகும்.

4

இனித் தோட்டங்களின் இறந்தோரைக் கருதுவோம். 1940 ஜனவரி 10இல், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு வேண்டிய வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அப்போராட்டத்தை வழிநடத்தியது சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம். விசாரணை ஆணைக்குழுவின் முன் தொழிலாளர் தரப்பில் வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அலை அங்கிருந்து ஊவாவுக்குப் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸைத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவொன்றை அமைத்தனர். அதனோடு கலந்தே கருமமாற்றத் தோட்டத் துரை உடன்பட நேர்ந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர். இறுதியில் பொலிஸ் அடக்குமுறையும் ஊவாவைத் துண்டித்த வெள்ளமும் சேர்ந்தே அவ்வலையைத் தணித்தன.

இத்தகைய வரலாற்றுக்கு உரியோரை இந்நாட்டின் அரசியல் ஏன் மறந்தது? விடை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தில் உள்ளது. குடியுரிமையும் அதனைத் தொடர்ந்து 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டபின் தோட்டத் தொழிலாளி தேர்தற் கணக்கிலிருந்து நீங்கினான். வாக்கற்றவனது பிணத்துக்கு விளம்பரப் பெறுமதி இல்லை. இவ்வுண்மையை எதிர்த்து நின்றிருக்க வேண்டிய இடதுசாரிகளும் அதற்குப் பணிந்தனர் என்பதை நாம் ஒளிக்கலாகாது. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் இணைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென அவ்வரசாங்கமே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டது. முல்லோயாத் தொழிலாளருக்காக வாதாடிய அதே கொல்வின், 1970 முதல் 1975 வரை பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். 1973–74 உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிற் பசியால் மாண்டோருக்கு எவரும் நினைவு மலர் வெளியிட்டிலர்.

1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வழங்கித் தொழிலாளரை வெளியேற்றும் முயற்சிக்கெதிராக எழுந்த போராட்டம் அது. கோவிந்தனின் கோரிக்கை கூலி. லெட்சுமணனின் கோரிக்கை நிலம். தோட்டத் தொழிலாளர் வாழ்வின் இரு அடிப்படை வினாக்களும் இவ்விருவர் பெயரோடும் பிணைந்துள்ளன. இக்காரணத்தினாலேயே அவர்களை நினைவுகூர்தல் ஆள்வோருக்கு இலகுவான செயலன்று.

1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரசாவுரிமை மீண்டது. வாக்குரிமை வந்தபின் தலைவர்களும் வந்தனர், விளம்பரமும் வந்தது. மௌனத்தின் காலம் முடிந்து ஆரவாரத்தின் காலம் தொடங்கிற்று. ஆயின் மௌனத்தில் மறைந்த கோரிக்கை ஆரவாரத்தில் மீண்டும் வெளிப்பட்டதா என்பதே எமது கேள்வி.

5

இதற்கு விடைகாண நினைவுச் சுவரொட்டியின் மொழியை ஆராய்தல் பயன்தரும். தலைவரின் உருவம் பெரிது, இறந்தோரின் உருவம் சிறிது என்பது எவர் கண்ணுக்கும் புலனாவது. அவ்வுருவ அளவைவிட வாக்கிய அமைப்பே நுட்பமானது. 'தலைவர் அஞ்சலி செலுத்துகின்றார்' என்னும் வாக்கியத்தில் எழுவாய் தலைவர், வினையும் அவருடையது. இறந்தவர் நான்காம் வேற்றுமையில், 'தியாகிக்கு' எனக் கொடைப்பொருள் ஏற்பவராக நிற்கின்றார். உயிர் கொடுத்தவன் ஏற்பவனாகவும் மலர் கொடுத்தவர் ஈபவராகவும் இலக்கணத்தில் இடம் மாறிவிடுகின்றனர்.

இறந்தவரே எழுவாயாகும் வாக்கியங்களிலும் வினைச்சொல் கவனிக்கத்தக்கது. 'உயிர் நீத்தார்', 'தியாகியானார்', 'மண்ணுக்கு உரமானார்' என்பன உயர்ந்த தொடர்களாகத் தோன்றும். அவை யாவும் இறப்பை இறந்தவனது சொந்தச் செயலாக்கிவிடுகின்றன. 'கொல்லப்பட்டார்' என்னும் செயப்பாட்டுவினையோ தன்னோடு இன்னொரு சொல்லை வேண்டி நிற்பது. 'யாரால்?' என்னும் வினா அதனைத் தொடர்ந்தே தீரும். மூன்றாம் வேற்றுமை வினைமுதற் பொருளில் வரும் என்பது நாம் இளமையில் கற்ற இலக்கணம். நினைவுச் சொல்லாட்சியில் அந்த 'ஆல்' உருபு திட்டமிட்டுத் தவிர்க்கப்படுகின்றது என்பதே எமது துணிபு.

மீரியபெத்தைத் துயரம் இதற்குத் தெளிவான சான்று. 'மண்சரிவு பலிகொண்டது', 'இயற்கை அனர்த்தத்திற் பலியாயினர்' என்றே அறிக்கைகளும் இரங்கற் செய்திகளும் பேசின. இங்கு வினைமுதல் சொல்லப்படுகின்றது. ஆனால் அது மலை, மழை, இயற்கை. அவ்விடம் மண்சரிவு அபாயமுடையது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை மட்டும் இருந்தது. செல்வதற்கு வேறு வீடோ வீடு கட்டச் சொந்தக் காணியோ அம்மக்களிடம் இல்லை. தோட்டத்து லயன் காம்பிராவில் வாழ்வோன், அதன் உரிமையாளனல்லன். காணியுரிமை மறுக்கப்பட்டமையே அவர்களை அச்சரிவில் நிறுத்தி வைத்தது. லெட்சுமணனின் உயிரைப் பறித்த நிலப்பிரச்சினையும் மீரியபெத்தையைப் புதைத்த நிலப்பிரச்சினையும் வேறானவையல்ல. 'இயற்கை' என்னும் எழுவாய் இத்தொடர்பை மறைத்துவிடுகின்றது.

காலநிரலும் கருதத்தக்கது. 2014 செப்டெம்பர் 20இல் ஊவா மாகாண சபைத் தேர்தல். ஒக்டோபர் 29இல் மண்சரிவு. 2015 ஜனவரி 8இல் சனாதிபதித் தேர்தல். இரு தேர்தல்களுக்கு இடையில் நேர்ந்த துயரத்தின் களத்துக்கு அன்றைய சனாதிபதி மகிந்த ராஜபக்ச உட்பட அரசியல் தலைவர் பலரும் வந்தனர், படமெடுக்கப்பட்டனர், வாக்குறுதி அளித்தனர். உயிர்தப்பியோர் பாடசாலைகளிலும் பின்னர் தேயிலைத் தொழிற்சாலையொன்றிலும் தங்க நேர்ந்தது. புதிய வீடுகள் 2016இலேயே கைக்கு வந்தன. தலைவர்கள் வந்தமை தவறன்று. வராமலிருப்பின் அதுவே பெருந்தவறாகும். வந்தவரின் படம் நிலைத்து, கேட்டவரின் கேள்வி நிலையாது போனமையே இங்குக் குறை. நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளம் என 2015 அளவில் எழுந்த கோரிக்கை 2021இலேயே வர்த்தமானியில் ஏறிற்று என்பதையும் இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும்.

6

எதிர்வாதம் ஒன்று எழலாம். விளம்பரமின்றி நினைவு பரவாது. தலைவர் கலந்துகொள்ளாவிடின் கூட்டம் சேராது. புறக்கணிக்கப்பட்ட சமூகம் தன் இறந்தோரை நாடறியச் செய்வதற்கு மேடை வேண்டாமா என்பர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. அண்மைக் காலத்தில் ஜனவரி 10ஆம் நாள் மலையகத் தியாகிகள் நாளாகப் பல அமைப்புகளால் நினைவுகூரப்படுவதும், 2023இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவுற்றபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டதும் வரவேற்கத்தக்கனவே. அந்நடைபயணம் இறந்தோரை நினைவுகூர்ந்த அதேவேளை, காணி, வீடு, சம உரிமை என்னும் கோரிக்கைகளை உடன்கொண்டு சென்றது. முன்னோர் வீழ்ந்த பாதையை வழித்தோன்றல்கள் தம் காலாலேயே நடந்தமை, குன்றக்குறவர் அரசனுக்கு முன் ஆடிய குரவையை ஒத்தது.

ஆதலின் விளம்பரத்தை முற்றாக ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. நினைவெழுத்து எதுவாயினும் அதனை மூன்று வினாக்களால் அளத்தல் வேண்டும். இறந்தவரின் பெயர் உள்ளதா? அவர் எதற்காக இறந்தாரோ அக்கோரிக்கை உள்ளதா? யாரால், எதனால் இறந்தார் என்பது உள்ளதா? மூன்றும் இருப்பின் அருகே தலைவரின் படம் இருப்பதாற் பெருங்கேடில்லை. மூன்றும் இல்லையேல் அது தலைவருக்கு எடுக்கப்பட்ட நடுகல்லேயாகும்.

இவ்வளவுகோலை முதலில் எம்மீதே நாம் பிரயோகித்தல் தகும். முற்போக்கு அமைப்புகளின் நினைவு மலர்களைப் புரட்டினால் கட்சிகளின் வாழ்த்துரைகளும் தலைவரது உருவப் படங்களும் முற்பக்கங்களை நிறைப்பதைக் காணலாம். கோவிந்தனின் வாழ்வு பற்றி ஒரு பக்கம் எழுதப் போதிய செய்தியை நாம் திரட்டவில்லை. வெவெஸ்ஸைத் தொழிலாளர் குழுவைப் பற்றிப் பேசும் நாம், அதில் அமர்ந்தோரைப் பெயர் சொல்லி நினைவுகூர்வதில்லை. நாம் குற்றஞ்சாட்டும் பெயரின்மையை நாமே வளர்த்து வந்துள்ளோம்.

இக்குறையைப் போக்கும் மூலங்கள் எம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது காட்டிய வழி அது. தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரி இறந்தவரை உறவுமுறை சொல்லி விளிப்பது. அவர் பட்ட பாட்டை நிரல்படக் கூறுவது. அதற்குக் காரணமானவரைச் சாடத் தயங்காதது. மேற்கூறிய மூன்று வினாக்களுக்கும் அது தலைவர் எவரும் வராத முற்றத்திலேயே விடையளித்து வந்துள்ளது. அதனை இழவு வீட்டு வழக்கம் எனத் தள்ளிவிட்டுச் சுவரொட்டியின் மொழியை அரசியல் மொழியாக ஏற்றமை எமது திறனாய்வின் தவறு.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியை ஏற்றல் வேண்டும். பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வரையும், அப்புத்தளையிலிருந்து பதுளை வரையும் உள்ள தோட்டங்களில், முதியோர் இருக்கும்போதே, போராட்டங்களிலும் பஞ்சத்திலும் மண்சரிவிலும் மறைந்தோரின் பெயர்களை அவர்தம் உறவினரின் இசைவோடு பதிவுசெய்தல் வேண்டும். ஒவ்வொரு பெயரின் அருகிலும் அவர் கேட்டது என்ன, பெறாது போனது என்ன என்பதையும் எழுதுதல் வேண்டும். அப்பதிவு கல்லில் ஏறுவதும் ஏட்டில் நிற்பதும் பின்னர் தீர்மானிக்கத்தக்கது. தொல்காப்பிய நிரலில் வாழ்த்தல் இறுதியிலேயே வருகின்றது. காட்சி முதலில் வருகின்றது. ஊவாவின் இறந்தோரைப் பொறுத்தவரை, வாழ்த்துரைகளைச் சற்றே நிறுத்திவைத்து, அம்முதற் பணியிலிருந்து நாம் தொடங்கவேண்டியவர்களாக உள்ளோம்.